எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் சொற்கள்

கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத மலேசியத் தமிழர் இருப்பது அரிது. பூக்கடைகளும் சேலைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அவ்விடத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1881ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் பெரும்பகுதியை அழித்தன. அதன்பின், மரத்தாலும் அத்தாப்பினாலும் ஆன வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கு வேண்டிய செங்கற்களை அறுத்துச் சுட்ட களங்கள் இங்கே இருந்தன. அதனால் ‘செங்கற்களங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் இவ்வட்டாரத்துக்கு நிலைத்தது.

இப்பெயரை ரோமன் எழுத்துகளில் எழுதினால் பதினோர் எழுத்துகள் வரும். அவை பி, ஆர், ஐ, சி, கே, எஃப், ஐ, ஈ, எல், டி, எஸ் என்பனவாகும். இவ்வெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு வேறு எத்தனை ஆங்கிலச் சொற்களை உருவாக்கலாம்? அரிசியைக் குறிக்கும் ‘ரைஸ்’, பட்டைக் குறிக்கும் ‘சில்க்’, மணமகளைக் குறிக்கும் ‘பிரைட்’, வாழ்வைக் குறிக்கும் ‘லைஃப்’ ஆகிய நான்கும் உடனே கிடைக்கின்றன. ஆனால், கடைதோறும் சேலை தொங்கினாலும், சேலையைக் குறிக்கும் ‘ஸாரி’ என்னும் சொல் கிடைக்காது. அதற்கு வேண்டிய ‘ஏ’ இப்பெயரில் இல்லை. திறனைக் குறிக்கும் ‘ஸ்கில்’ என்னும் சொல்லும் கிடைக்காது. அதற்கு இரண்டு ‘எல்’ வேண்டும். இங்கு இருப்பதோ ஒன்றுதான்.

இவ்வளவே இதன் விதி. கொடுக்கப்பட்ட எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தலாம். ஓர் எழுத்து எத்தனை முறை கொடுக்கப்பட்டுள்ளதோ அத்தனை முறைக்கு மேல் அதை எடுக்கக்கூடாது. இது பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயினும், இதற்குள் கணிதமும் இலக்கணமும் கணினி அறிவியலும் கலந்துள்ளன. ஒரு மொழியின் சொற்கள் யாருக்கு உரியவை என்னும் கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

எண்ணிப் பார்த்தால் மலைப்பு

மூன்று வெவ்வேறு எழுத்துகளை ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். நான்கு எழுத்துகளை 24 வகையாகவும், ஐந்து எழுத்துகளை 120 வகையாகவும் வரிசைப்படுத்தலாம். எழுத்துகள் ஏழானால் வரிசைகளின் எண்ணிக்கை 5,040 ஆகிவிடும். ஏழு எழுத்துகளையும் பயன்படுத்தும் வரிசைகள் மட்டுமே இவை. அவற்றுள் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்து என எல்லா நீளங்களிலும் அமையும் வரிசைகளையும் சேர்த்தால் மொத்தம் 13,699 வரும். ஒரு வரிசைக்கு ஒரு விநாடி எனப் பார்த்தாலும், அனைத்தையும் பார்த்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் 48 நிமிடம் ஆகும்.

ஆனால், இதில் பழகியவர் ஒரு நிமிடத்துக்குள் பல சொற்களைக் கண்டுபிடித்து விடுகிறார். அவர் 13,699 வரிசைகளையும் பார்ப்பதில்லை. சொல்லாக முடியாத வரிசைகளை முதலிலேயே விலக்கிவிடுகிறார். எதைத் தேட வேண்டியதில்லை என்று அறிவதே தேடலின் முதற்படியாகும்.

இலக்கணம் செய்யும் உதவி

இந்த விலக்கும் முறை நமக்குப் புதியதன்று. தமிழ் இலக்கணத்தில் எழுத்துகளைப் பற்றிப் படிக்கும்போது, சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் எவை, இறுதியில் வரும் எழுத்துகள் எவை, எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரும் என்பவற்றைக் கற்கிறோம். இவ்விதிகள் சொல் தேடலுக்கும் பயன்படும்.

ப, ட, ம் என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இவற்றைப் படம், பம்ட, டபம், டம்ப, ம்பட, ம்டப என ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது. எனவே, ம் என்று தொடங்கும் இரண்டு வரிசைகளும் நீங்குகின்றன. டகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. எனவே, மேலும் இரண்டு நீங்குகின்றன. எஞ்சியவை படம், பம்ட ஆகிய இரண்டே. மகர மெய்யை அடுத்து டகரம் வருவதில்லை என்பது மெய்ம்மயக்க விதி. ஆகவே, ‘பம்ட’ என்பதும் நீங்குகிறது. ‘படம்’ மட்டுமே நிற்கிறது. அகராதியைத் திறக்காமலேயே இலக்கணம் நம்மைச் சொல்லிடம் கொண்டு சேர்த்துவிட்டது.

ஆங்கிலத்தில் இவ்வளவு கண்டிப்பான விதிகள் இல்லை. ஆயினும், அங்கும் பழகிப்போன ஒழுங்குகள் உள்ளன. கிள்ளான் நகரின் பெயரை ரோமன் எழுத்துகளில் எழுதினால் கே, எல், ஏ, என், ஜி என ஐந்து எழுத்துகள் வரும். அவற்றுள் உயிரெழுத்து ‘ஏ’ ஒன்றே. எனவே, நாம் தேடும் சொல் எதுவாயினும் அதில் ‘ஏ’ இருந்தே தீர வேண்டும். இந்த ஐந்து எழுத்துகளைக் கொண்டு மூவெழுத்து வரிசைகள் 60 அமைக்கலாம். உயிரெழுத்தை நடுவில் நிறுத்தி, இருபுறமும் மெய்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் பன்னிரண்டே வரிசைகள்தாம் வரும். அந்தப் பன்னிரண்டிலேயே, பின்தங்குதலைக் குறிக்கும் ‘லேக்’, நச்சரித்தலைக் குறிக்கும் ‘நேக்’ ஆகிய சொற்கள் கிடைத்துவிடுகின்றன. அடுத்து, ‘என்’னும் ‘கே’யும் இணைந்து ஆங்கிலச் சொற்களின் இறுதியில் வருவதை நினைவுகூர்ந்தால், தொய்ந்து தொங்கும் முடியைக் குறிக்கும் ‘லேங்க்’ என்னும் நான்கெழுத்துச் சொல்லும் கிடைக்கும்.

ஏழு எழுத்துகளில் ஒரு பயிற்சி

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைப் பார்ப்போம். ஏ, சி, ஈ, ஈ, எச், ஆர், டி என்பன நமக்குக் கிடைத்த எழுத்துகள். ‘டி’ என்பது இங்கு ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தைக் குறிக்கும். ‘ஈ’ இருமுறை வருவதால் ஏழெழுத்து வரிசைகள் 2,520 ஆகக் குறைகின்றன. ஆனாலும், ஒவ்வொன்றாகப் பார்ப்பது இயலாத செயல். எனவே, படிப்படியாகச் செல்வோம்.

முதலில், உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் பிரிக்க வேண்டும். உயிர்கள் ஏ, ஈ, ஈ. மெய்கள் சி, எச், ஆர், டி.

இரண்டாவதாக, ஒன்றாக வரும் பழக்கமுள்ள மெய்களைத் தேட வேண்டும். இங்கே ‘சி’யும் ‘எச்’சும் நல்ல இணை.

மூன்றாவதாக, சொல்லின் இறுதியில் ஒட்டும் விகுதிகளையும் முதலில் ஒட்டும் முன்னொட்டுகளையும் பார்க்க வேண்டும். செயலைச் செய்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஈ, ஆர்’ என்னும் இரண்டு எழுத்துகள் சொல்லிறுதியில் வரும். அவற்றைக் கடைசியில் ஒதுக்கி வைத்தால் எஞ்சுபவை ஏ, சி, ஈ, எச், டி என ஐந்தே எழுத்துகள். ஏழு எழுத்துச் சிக்கல் ஐந்து எழுத்துச் சிக்கலாகச் சுருங்கிவிட்டது. அந்த ஐந்தில் கற்பித்தலைக் குறிக்கும் ‘டீச்’ இருக்கிறது. அதனுடன் விகுதியைச் சேர்த்தால் ஆசிரியர் எனப் பொருள்படும் ‘டீச்சர்’ வந்துவிடும். அதே ஐந்தில் ஏமாற்றுதலைக் குறிக்கும் ‘சீட்’ என்னும் சொல்லும் இருக்கிறது. அதனுடன் விகுதியைச் சேர்த்தால் ஏமாற்றுபவர் எனப் பொருள்படும் ‘சீட்டர்’ வரும். ஆசிரியரும் ஏமாற்றுபவரும் ஒரே ஏழு எழுத்துகளுக்குள் இருப்பது வியப்பன்றோ!

விகுதியாக நின்ற அவ்விரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றி, ‘ஆர், ஈ’ எனச் சொல்லின் முதலில் வைத்தால் ‘மீண்டும்’ எனப் பொருள்படும் முன்னொட்டு கிடைக்கும். அப்போது மீண்டும் கற்பித்தலைக் குறிக்கும் ‘ரீடீச்’ பிறக்கிறது.

இவ்வெழுத்துகளில் இன்னொரு சொல்லும் உண்டு. அது நிலப்பரப்பை அளக்கும் ‘ஹெக்டேர்’. செம்பனைத் தோட்டங்களைப் பற்றிய செய்திகளில் அச்சொல்லை அடிக்கடி பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆனால், மேற்கண்ட மூன்று படிகளும் இச்சொல்லை நமக்குக் காட்டித்தரவில்லை. இதில் அத்தகைய விகுதியும் இல்லை, முன்னொட்டும் இல்லை, ‘சி’யும் ‘எச்’சும் சேர்ந்தும் வரவில்லை. இதை முன்பே படித்து நினைவில் வைத்திருப்பவருக்கு மட்டுமே இது தோன்றும். முறை ஓரளவு தூரம் அழைத்துச் செல்லும். அதற்கு அப்பால் சொல்வளமே துணை நிற்கும்.

எழுத்துகள் நேர்வரிசையில் இருக்கும்போது கண் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது அவற்றை வட்டமாக எழுதிப் பார்க்கலாம். அல்லது இடம் மாற்றிக் கலைத்துப் பார்க்கலாம். பழைய வரிசை கலைந்தால் புதிய சொல் கண்ணில் படும்.

கணினி தேடும் முறை

கணினிக்குச் சொல்வளம் ஒரு தடையன்று. ஓர் அகராதியையே அதனுள் ஏற்றிவிடலாம். ஆனால், கணினியும் எல்லா வரிசைகளையும் உருவாக்கிப் பார்ப்பதில்லை. அது வேறொரு வழியைக் கையாளுகிறது.

அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் கணினி அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. ‘டீச்சர்’, ‘சீட்டர்’, ‘ரீடீச்’, ‘ஹெக்டேர்’ ஆகிய நான்கையும் இவ்வாறு அடுக்கினால் ஏ, சி, ஈ, ஈ, எச், ஆர், டி என்னும் ஒரே வரிசைதான் வரும். இந்த வரிசையைத் திறவுகோல் எனலாம். ஒரே திறவுகோல் கொண்ட சொற்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் போடப்படுகின்றன. நாம் எழுத்துகளைக் கொடுத்தவுடன், கணினி அவற்றையும் அகரவரிசையில் அடுக்கி, அந்தத் திறவுகோலுக்குரிய பெட்டியைத் திறந்து காட்டுகிறது.

எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தாத குறுஞ்சொற்களைத் தேட வேண்டுமாயின், கணினி எழுத்துகளை எண்ணிப் பார்க்கிறது. ஒரு சொல்லுக்கு எத்தனை ‘ஏ’ வேண்டும், நம்மிடம் எத்தனை ‘ஏ’ உள்ளன, எத்தனை ‘எல்’ வேண்டும், எத்தனை உள்ளன என ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து குறைந்தாலும் அச்சொல்லை விட்டுவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரிலிருந்து ‘ஸ்கில்’ கிடைக்காது என்று நாம் கண்டறிந்ததும் இதே முறையில்தான்.

செய்தித்தாளில் பிறந்த விளையாட்டு

எழுத்துகளிலிருந்து சொற்களைத் தேடும் திறனை உலகப் போட்டியாக வளர்த்த விளையாட்டு ஸ்கிராபிள். 1930களில் அமெரிக்காவில் பொருளாதார மந்தநிலையால் வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரெட் பட்ஸ் இதை உருவாக்கினார். எந்த எழுத்துக்கு எத்தனை காய்கள் செய்வது என்று அறிய, அவர் ஒரு வழி கண்டார். ‘நியூ யார்க் டைம்ஸ்’ செய்தித்தாளின் முதற்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். மிகுதியாக வரும் ‘ஈ’ எழுத்துக்குப் பன்னிரண்டு காய்களும், அரிதாக வரும் ‘கியூ’, ‘இசட்’ ஆகியவற்றுக்கு ஒவ்வொரு காயும் ஒதுக்கினார். அரிய எழுத்துகளுக்குப் பத்துப் புள்ளிகள். எளிதில் கிடைக்கும் எழுத்துகளுக்கு ஒரு புள்ளி. 1948ஆம் ஆண்டில்தான் இவ்விளையாட்டுக்கு ஸ்கிராபிள் என்னும் பெயர் வந்தது.

இதில் மொத்தம் 100 காய்கள் உள்ளன. பலகையில் 225 கட்டங்கள் உள்ளன. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஏழு காய்களை வைத்துக்கொண்டு சொல் அமைக்க வேண்டும். ஏழு காய்களையும் ஒரே முறையில் பயன்படுத்தினால் கூடுதலாக 50 புள்ளிகள் கிடைக்கும். கணினியின் துணை இல்லை, நேரமும் குறைவு. நினைவும் பயிற்சியுமே கைகொடுக்க வேண்டும்.

மலேசிய மண்ணில் உலக வெற்றி

2003ஆம் ஆண்டு ஸ்கிராபிள் உலக வெற்றியாளர் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. ஆங்கிலச் சொற்களுக்கான போட்டி என்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரே வெல்வர் என்று பலர் எண்ணக்கூடும். ஆனால், இறுதிச் சுற்றில் மோதிய இருவருமே தாய்லாந்து நாட்டவர்கள். அவர்களுள் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் என்னும் இளைஞர் உலக வெற்றியாளரானார். அவரிடம் தோற்ற பகோர்ன் நெமித்மான்சுக் மனம் தளரவில்லை. 2009ஆம் ஆண்டு அப்போட்டி ஜொகூர் பாருவில் நடைபெற்றபோது அவரும் வாகை சூடினார்.

ஜொகூர் பாருவில் அவரிடம் இறுதிச் சுற்றில் தோற்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தில் பிறந்த இவர் 2000ஆம் ஆண்டில் மலேசியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 2007, 2011, 2013, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில ஸ்கிராபிள் உலக வெற்றியாளர் பட்டங்களை வென்றவர். 2015ஆம் ஆண்டில் இவர் செய்த சாதனை உலகையே வியக்க வைத்தது. பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத இவர், பெல்ஜியத்தில் நடைபெற்ற பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வெற்றி பெற்றார். அதற்காக அவர் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்தார் என்று அப்போது செய்தி வெளியானது. 2024ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவரே வென்றார்.

இச்செய்திகள் நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன.

முதலாவது, ஒரு மொழியின் சொற்கள் அம்மொழியை வீட்டில் பேசுபவர்களுக்கு மட்டுமே உரியவை அல்ல. நம் நாட்டில் மாணவர் பலர் வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பயன்படுத்துகின்றனர். ‘எங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை, அதனால் எனக்கு ஆங்கிலச் சொற்கள் வராது’ என்று தயங்குவோர் உண்டு. முறையான பயிற்சி இருந்தால் அத்தயக்கத்துக்கு இடமில்லை என்பதைத் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் கோலாலம்பூரிலேயே மெய்ப்பித்துக் காட்டினர். பார்வையற்றோர் விரலால் தடவி அறியும் பிரெயில் புள்ளிகள் பொறித்த காய்களும் இவ்விளையாட்டில் உண்டு. எழுத்தை அறிந்தவர் எவரும் இதில் பங்கேற்கலாம்.

இரண்டாவது, சொல்லின் வடிவத்தை அறிவது வேறு. பொருளை அறிவது வேறு. ஸ்கிராபிள் பலகையில் ஒரு சொல்லை வைக்க அதன் பொருள் தெரிய வேண்டியதில்லை. அகராதியில் இருந்தால் போதும். ஆகவேதான் பிரெஞ்சு பேசத் தெரியாதவர் பிரெஞ்சுப் போட்டியில் வெல்ல முடிகிறது. ஆனால், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் வழி கேட்க அந்த வெற்றி உதவாது. ‘ஹெக்டேர்’ என்னும் சொல்லை எழுத்துகளிலிருந்து எடுக்கத் தெரிந்தவர், அது நிலத்தின் அளவு என்று அறியாவிட்டால், தோட்டம் விற்பனைக்கு வந்த விளம்பரத்தைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார். விளையாட்டில் வெற்றி பெற வடிவம் போதும். வாழ்க்கைக்குப் பொருளும் வேண்டும்.

தமிழில் தேடினால்

இத்தகைய தேடலை எந்த மொழியிலும் செய்யலாம். நம் நாட்டுப் பள்ளிகளில் மலாய்ச் சொற்களைக் கொண்டு விளையாடும் ‘சஹிபா’ மாணவர்களிடையே பெயர் பெற்றது. தமிழில் விளையாடினால் அதன் தன்மை சற்று மாறும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் சேர்ந்து 247 எழுத்துகள். ஒரே உயிர்மெய்யில் மெய்யும் உயிரும் இணைந்திருப்பதால், தமிழ்ச் சொற்கள் குறைந்த எழுத்துகளிலேயே அமைந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஓரெழுத்தாலான சொற்கள் மிகச் சிலவே. தமிழிலோ ஆ, ஈ, கை, தீ, பூ, மை, வா எனப் பல உள்ளன. நன்னூல் இத்தகைய ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என வரையறுக்கிறது.

தமிழில் விளையாடும்போது நமக்குக் கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. மொழிமுதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் ஆகியவை தேர்வுக்காக மனனம் செய்யும் பாடங்கள் என்று எண்ணியிருப்போம். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் தேடும்போது அவ்விதிகள் கருவிகளாக மாறிவிடுகின்றன. எது சொல்லாகும், எது ஆகாது என்பதை அவை உடனுக்குடன் சொல்லிவிடுகின்றன.

எனவே, மாணவர்களே, உங்கள் ஊரின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுதி, அதன் எழுத்துகளுக்குள் இருக்கும் சொற்களைத் தேடிப் பாருங்கள். முதலில் உயிரையும் மெய்யையும் பிரியுங்கள், இணையும் எழுத்துகளைச் சேருங்கள், விகுதிகளை ஒதுக்குங்கள். புதிய சொல் ஒன்று அகப்பட்டால், அத்துடன் நின்றுவிடாமல் அகராதியைப் புரட்டி அதன் பொருளை அறியுங்கள். பின்னர், அச்சொல்லை ஒரு வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள். அவ்வாறு எழுதிய பின்னரே அச்சொல் உங்களுடையதாகும்.